தீர்வை குறைந்த பெருநாள்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகத் தொடங்கவில்லை. எங்கள் பாடசாலையின் வர்த்தக மாணவர் மன்றம் ஆண்டு மலர் போடுகிறது. உயர்தர வகுப்புக்கு வர்த்தகம் படிப்பிக்கிறவள் நான் என்பதால், இறக்குமதித் தீர்வையும் சிறு வியாபாரமும் என்ற தலைப்பில் நாலு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் மேசையை விறாந்தைக்கு இழுத்துப் போட்டு முதல் வாக்கியத்தை எழுதினேன்.

‘ஒரு நாடு இறக்குமதி வரியான தீர்வையைக் குறைக்கும்போது பொருள்களின் விலை வீழ்ச்சியடைகிறது, அதனால் நுகர்வோர் நன்மை அடைகின்றனர்.’

அந்த நேரம்தான் அடுத்த வளவு றபீக்கா ராத்தா வேலியின் இடைவழிக் கடப்பால் வந்தார். எங்கள் கோழி அவருடைய விறகுக் குவியலில் முட்டையிட்டிருந்ததாம், கொண்டுவந்திருந்தார். என்ன எழுதுகிறேன் என்று கேட்டார். வாசித்துக் காட்டினேன்.

“ஓம், நன்மைதான் டீச்சர்,” என்றார். “அந்த நன்மைய கல்முனையில நானும்தான் வித்தன்.”

முட்டையை மேசையில் வைத்தார். உருண்டு விழாமல் பேனாவை அணை கொடுத்தேன். அவர் சொல்லி முடித்து எழும்பும்வரை அந்தப் பேனாவை நான் எடுக்கவில்லை.

2

கட்டுரையை ஓரமாக வைத்துவிட்டுக் கதைக்குத் தாவினேன். எழுதிக் கைவிட்ட தொடக்கங்கள் இவை. வெட்டியதை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

தொடக்கம் ஒன்று: ‘கொழும்புத் துறைமுகத்தில் ஒரு கப்பல் நங்கூரம் போட்டபோது, பாண்டிருப்பில் ஒரு ஊசி—’

(நின்றுவிட்டேன். கப்பலையும் ஊசியையும் ஒரே வாக்கியத்தில் கட்டினால் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கதையில் கப்பலைக் கண்டவர் ஒருவருமில்லை.)

தொடக்கம் இரண்டு: ‘றபீக்கா துணிச்சலான பெண். அவள்—’

(துணிச்சல் என்று நானே முத்திரை குத்திவிட்டால், பிறகு அவள் செய்த பிழையும் துணிச்சல் என்றே வாசிக்கப்படும்.)

தொடக்கம் மூன்று, இது நிற்கட்டும்: எழுபதுகளின் நடுவில் கல்முனைக்குடியில் றபீக்கா பெண் பிள்ளைகளுக்குச் சட்டை தைத்து விற்றாள்.

(நேரில் அவரை அவள் என்றோ பேர் சொல்லியோ நான் கதைத்ததில்லை. கதைக்குள் போனதும் ராத்தா என்ற அக்கா முறையை வெளியே விட்டுவிட வேண்டியிருக்கிறது. அவரிடம் கேட்டுக்கொண்டேன். “எழுதுங்க, ஆனா எண்ட வயசப் போடாதீங்க,” என்றார்.)

அப்போது வெளிநாட்டுச் சாமான் நாட்டுக்குள் வருவது அபூர்வம். கூட்டுறவுச் சங்கக் கடையில் கூப்பனுக்குக் கிடைக்கும் சீத்தைத் துணிதான் துணி. மற்றவர்களுக்கு அது தட்டுப்பாடு. றபீக்காவுக்கு அதுவே பிழைப்பு. பெருநாளைக்குப் பிள்ளைக்குச் சட்டை வேண்டும் என்றால், இருக்கிற துணியில் யாராவது தைத்துத்தானே ஆக வேண்டும்? அவள் தைத்தாள். அவளுடைய கணவர் காலிதீன் கல்முனைச் சந்தையடியில் வளையல், ரிபன், சீப்பு விற்கும் சின்னக் கடை வைத்திருந்தார். சட்டைகள் அந்தக் கடை வாசலில் தொங்கின.

அந்தச் சட்டைகளுக்குப் பேர் வாங்கித் தந்தது றபீக்காவின் வெட்டல்ல. நெஞ்சுப் பக்கத்தில் துணியைச் சின்னச் சின்னதாக மடித்து, மடிப்புகளைப் பட்டு நூலால் கோத்து, தேன்வதைபோல வரும் சுருக்குத் தையல். அதைச் செய்தவள் பாண்டிருப்பிலிருந்து வந்த சாரதாதேவி. மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு நடந்தே வருவாள். றபீக்கா மெசினில் இருப்பாள், சாரதா பாயில் இருப்பாள். றபீக்கா வாய் ஓயாமல் கதைப்பாள். சாரதா இழை எண்ணிக்கொண்டே “ம்” போடுவாள். எண்ணிக்கை தவறினால் மட்டும் வாய் திறந்து, “ராத்தா, கொஞ்சம் பொறுங்க,” என்பாள்.

நோன்பு மாதத்தில் சாரதாவுக்குத் தண்ணீர் விடாய்த்தால் எழும்பிக் குசினிக்குப் பின்னால் போய்விடுவாள். ஒருமுறை றபீக்கா கண்டுவிட்டாள்.

“எங்ககா ஒளிச்சுப் போறாய்?”

“உங்களுக்கு முன்னால எப்பிடிக் குடிக்கிற ராத்தா?”

“நோம்பு எனக்குத்தான்கா. இஞ்ச இருந்து குடி.”

அதற்குப் பிறகும் அவள் குசினிக்குப் பின்னால்தான் போனாள். ஆனால் போகும்போது இருவரும் சிரித்துக்கொள்வார்கள்.

3

எழுபத்தேழில் ஆட்சி மாறியது. அந்த ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தோடு இறக்குமதிக் கதவு திறந்தது. இவ்வளவும் சரித்திரம். இதற்கு மேல் எந்தச் சட்டைக்கு என்ன தீர்வை, எப்போது இறங்கியது, எப்போது ஏறியது என்று நான் சொல்வதெல்லாம் கதைக்கு ஏற்றபடி வைத்தவை. மாணவர்கள் இதைப் பரீட்சைக்கு மேற்கோள் காட்ட வேண்டாம்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டான். முதல் வரைவில் காலிதீனைப் பிடித்தேன். ‘பேராசை கண்ணை மறைக்க, காலிதீன்—’ என்று ஒரு வாக்கியம் இருந்தது. றபீக்கா ராத்தாவிடம் வாசித்துக் காட்டியபோது முகம் சுண்டிப்போனது.

“அவருக்கு என்னத்துல பேராசை? கொழும்புக்குப் போய் வந்தா கால் ரெண்டும் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருக்கும். மூட்டைக்கு மேல இருந்துதான் டீச்சர் வருவார்.”

ஆகவே வில்லன் இல்லை. கதை கொஞ்சம் சாயும், சாயட்டும்.

நடந்தது இது. எழுபத்தொன்பதாம் ஆண்டு நோன்பு தொடங்கிய கிழமை, காலிதீன் கொழும்புப் புறக்கோட்டையிலிருந்து வந்தார். மூட்டையை நடு வீட்டில் இறக்கி, பொலித்தீன் உறையிலிருந்த சின்னச் சட்டை ஒன்றை எடுத்து மனைவியிடம் நீட்டினார். வெளிர் ரோஸ் நிறம், கழுத்தில் லேஸ், இடுப்பில் பட்டி, முதுகில் சிப். கசங்காத துணி. றபீக்கா அதை விரித்து அழகு பார்க்கவில்லை. உள்பக்கம் புரட்டித் தையலைப் பார்த்தாள். தொங்கிக்கொண்டிருந்த ஒரு நூல்கூட இல்லை.

“வடிவாத்தான் இருக்கி. எவ்வளவாம்?”

அவர் சொன்னார்.

“துணிக்கா?”

“துணிக்கில்ல புள்ள. சட்டைக்கி. நான் வாங்கின விலை.”

“தைச்ச சட்டைக்கா?”

“தைச்ச சட்டைக்கித்தான். தீர்வையக் குறைச்சிட்டாங்க. புறக்கோட்டைல மல மாதிரிக் குவிச்சு வச்சிருக்கானுகள்.”

பின்னால் நான் கணக்குப் போட்டுப் பார்த்தபடி, அவள் துணிக்கும் நூலுக்கும் லேசுக்கும் செலவழிக்கும் காசுக்குள்ளேயே அங்கே சட்டை முடிந்து, உறையில் போட்டு, கடலும் கடந்து வந்திருந்தது. சாரதாவின் கூலிக்கு அதில் இடமே இல்லை. றபீக்காவின் உழைப்புக்கும் இல்லை.

“நான் வாங்காட்டி மற்றக் கடைக்காரன் வாங்குவான்,” என்றார் காலிதீன். மன்னிப்புக் கேட்பதுபோலச் சொன்னார் என்று றபீக்கா ராத்தா சொல்கிறார். நான் அங்கே இருக்கவில்லை.

4

இப்போது நுகர்வோர். கட்டுரையில் அவர்களுக்கு முகம் கிடையாது. கதையில் ஒருவருக்காவது கொடுக்க வேண்டும்.

மீராமுகைதீன் மேசன் வேலை செய்கிறவர். மூன்று பெண் பிள்ளைகள். அதுவரை பெருநாளைக்கு ஒருத்திக்குத்தான் புதுச் சட்டை. மற்ற இருவரும் கழுவி மடித்துவைத்த பழையதோடு பள்ளிவாசல் வீதியைச் சுற்றுவார்கள். அடுத்த பெருநாளைக்கு முறை மாறும். அந்த வருடம் அவர் கடைக்கு வந்து, வாசலில் தொங்கிய சுருக்குத் தையல் சட்டைகளைக் கையால் விலக்கிவிட்டு, உள்ளே இருந்த ரோஸ் சட்டையின் விலையைக் கேட்டார். கேட்டுவிட்டு இன்னொருமுறை கேட்டார். பிறகு மூன்று எடுத்தார்.

“மூண்டு புள்ளையளுக்கும் ஒரே நாளையில புதுசு உடுத்தி இண்டைக்கு வரைக்கும் நான் பாத்ததில்ல காக்கா,” என்றார், காலிதீனை அண்ணன் முறை வைத்து. கண் கலங்கியிருந்தது.

இதைச் சொல்லும்போது றபீக்கா ராத்தாவின் முகமும் மலர்ந்தது. அந்த மகிழ்ச்சி பொய்யல்ல. மலிவுச் சாமான் வந்து கெட்டது என்று கதையை ஒற்றைக் கண்ணால் எழுத எனக்கு மனம் வராததற்கு அந்த மூன்று சட்டைகள்தான் காரணம்.

[இந்தப் பகுதியின் முடிவில், ‘ஆனால் அந்தச் சந்தோஷத்தின் விலையை யார்—’ என்று ஒரு வாக்கியம் இருந்தது. எடுத்துவிட்டேன். மேசனிடம் அந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு என்ன உரிமை?]

வாசலில் தொங்கியவை பெருநாள் முடிந்ததும் தூசியோடு வீட்டுக்குத் திரும்பின.

5

பெருநாள் கழிந்த திங்கட்கிழமை சாரதா வழமைபோல வந்தாள். பாயை விரித்து உட்கார்ந்துவிட்டாள். கதிரையில் குவிந்திருந்த சட்டைகளைப் பார்த்தாள். ஒவ்வொன்றையும் அவள்தான் கோத்தது. றபீக்கா ரோஸ் சட்டை ஒன்றை எடுத்து அவள் மடியில் வைத்தாள்.

சாரதாவும் உள்பக்கம்தான் புரட்டினாள்.

“மெசின் வேலை. கை படல்ல,” என்றாள்.

“விலையக் கேளு.”

கேட்டாள். கேட்டுவிட்டு வெகுநேரம் லேசைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு, “என்ட கூலியப் பாதியாக்குங்க ராத்தா,” என்றாள்.

“என்னகா கதைக்கிறாய்?”

“பாதி தந்தாக் காணும். அப்ப விலையக் குறைச்சு விக்கலாம்தானே?”

“பாதிக் கூலிக்கு உன்ன வச்சு வேல வாங்கினா அல்லாஹ் எனக்கிட்டக் கேக்க மாட்டானா? கண்ண உடைச்சுத் தைக்கிறாய்.”

“நான்தானே ராத்தா சொல்றன். நீங்க கேக்கல்லயே.”

“வேணா சாரதா. அது பாவம். நல்ல வேல வந்தா ஆளனுப்பிக் கூப்பிடுறன்.”

சாரதா ஊசிகளைத் துணித்துண்டில் குத்திச் சுருட்டிக்கொண்டாள். பாயைத் தானே மடித்து மூலையில் சாத்தினாள். கடப்படியில் ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். “வாறன் ராத்தா,” என்றாள். போகிறேன் என்பதற்கும் எங்களூரில் அதுதான் சொல்.

(இந்த உரையாடலை மூன்றுமுறை மாற்றி எழுதினேன். ஒன்றில் றபீக்காவைச் சுயநலக்காரியாக்கினேன், ஒன்றில் அழவைத்தேன். இரண்டும் எழுத இலகுவாக இருந்தன. அவள் இரக்கப்பட்டுத்தான் மறுத்தாள் என்று எழுதுவதுதான் கஷ்டமாக இருந்தது.)

6

அதன்பின் சில வருடங்களை வேகமாகக் கடக்கலாம்.

காலிதீனின் கடை அகன்றது. றபீக்கா மெசினுக்குத் துணி போர்த்திவிட்டுக் கடைக்கு வரும் பெண்களுக்குச் சட்டை காட்டினாள். எந்த நிறம் போகும், எந்த அளவு தங்கும் என்பது அவளுக்குப் பிடிபட்டது. காலிதீனின் கால் வீக்கத்துக்கு மட்டக்களப்பில் வைத்தியம் பார்க்க வசதி வந்தது. நல்ல காலம்தான்.

சாரதாவின் பக்கத்தை எழுதும்போது பேனா வழக்கமான பள்ளத்தில் விழுந்தது. அவளுடைய கணவன் வல்லிபுரம் மீன்பிடிக்கிறவன் என்று தெரிந்ததும், முதல் வரைவில் அவனைக் கடலில் தாட்டுவிட்டேன். இரண்டாம் வரைவில் கரைக்கு எடுத்தேன். அவன் இன்றும் உயிரோடு, வெற்றிலை போட்டுக்கொண்டு, பாண்டிருப்பில் இருக்கிறான். துன்பத்துக்கு எப்போதும் புயல் தேவைப்படுவதில்லை.

சாரதா சில காலம் தன் வீட்டிலேயே அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தைத்துப் பார்த்தாள். அவர்களும் கல்முனைக்கு வந்து காலிதீன் கடையில்தான் வாங்கினார்கள். வாடைக் காலத்தில் வல்லிபுரம் கடலுக்குப் போக முடியாதபோது வீட்டில் உலை ஏற வேண்டுமே. நெல் ஆலை ஒன்றில் சேர்ந்தாள். அவித்த நெல்லைச் சுடச்சுட அள்ளிக் களத்தில் பரப்ப வேண்டும். காய்கிறவரைக்கும் கிண்டிவிட வேண்டும். பின்னேரம் கூட்டி அள்ள வேண்டும்.

றபீக்கா ஆளனுப்பவில்லை. நல்ல வேலை வந்தால்தானே அனுப்புவது?

7

எண்பதுகளில் ஒரு வரவுசெலவுத் திட்டம். (சொன்னேனே, இது நான் வைத்தது.) உள்நாட்டுத் தையல் தொழிலைக் காக்க, தைத்த ஆடைகளுக்கான இறக்குமதித் தீர்வை ஏறியது.

வகுப்பில் நான் இதைக் கரும்பலகையில் வரைந்து காட்டுவேன். இங்கே சொல்லாகச் சொல்கிறேன். தீர்வை துறைமுகத்தில் ஏறுகிறது. இறக்குமதிக்காரன் அதைத் தன் விலையோடு சேர்த்து, மொத்தத்துக்கும் மேல் தன் இலாபத்தை வைக்கிறான். புறக்கோட்டை வியாபாரி அதன் மேல் வைக்கிறான். காலிதீன் அதன் மேல். ஒவ்வொருவனும் தீர்வைக்கும் சேர்த்தே இலாபம் கணக்கிடுவதால், கல்முனைக்கு வரும்போது சட்டை அரசாங்கம் ஏற்றியதைவிடக் கூடுதலாக ஏறியிருக்கும். ஒருவரும் களவெடுக்கவில்லை. எல்லோரும் வழக்கமாகச் செய்வதைத்தான் செய்தார்கள்.

காலிதீன் கடையில் ரோஸ் சட்டைகள் தொங்கியபடியே நின்றன. பெண்கள் வந்து விலையைக் கேட்டு, “அடுத்த கிழம பாப்பம்,” என்று போனார்கள்.

அன்றிரவு சோறு போட்டுக்கொண்டே றபீக்கா சொன்னாள்: “இஞ்சேருங்க, இனி நாம தைச்சா ஓடும்.”

“ஓடும்தான். ஆனா சிப்புக்கும் ஏத்தியிருக்கான். லேசுக்கும் ஏத்தியிருக்கான். பட்டு நூலும் பழைய விலை இல்ல.”

“அதுகள் ஏன்? சட்டைக்கித்தானே ஏத்தினது?”

“அதுகளும் வெளியில இருந்துதானே புள்ள வருது.”

தையலைக் காக்க வந்த தீர்வை, தைக்கிறவளின் நூலையும் பிடித்துக்கொண்டது. அப்படியிருந்தும் றபீக்கா பேச்சை விடவில்லை. சிப்புக்குப் பதிலாகப் பொத்தான் வைக்கலாம். லேஸ் வேண்டாம், சுருக்குத் தையல் இருக்கும்போது லேஸ் எதற்கு? மெசினின் போர்வையை எடுத்து எண்ணெய் விட்டாள். மறுநாள் மஞ்சள் பொப்ளின் துணியும் பட்டு நூலும் எடுத்துக்கொண்டு பாண்டிருப்புக்குப் போனாள்.

8

சாரதா ஆலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். தலைமுடியெல்லாம் உமி. றபீக்காவைக் கண்டதும் ஓடிப்போய்க் கதிரை கொண்டுவந்தாள். முகம் பழைய முகம்தான், கொஞ்சம் கறுத்திருந்தது.

“ஆளனுப்பிறன் எண்டன். நானே வந்திட்டன்கா,” என்றாள் றபீக்கா.

சங்கதியைச் சொன்னதும் சாரதாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இரண்டுமுறை சவர்க்காரம் போட்டுக் கை கழுவினாள். துடைத்துவிட்டுப் பொப்ளினை மடியில் விரித்தாள். ஊசியில் நூல் கோத்தாள். முதல் மடிப்பைப் பிடித்து நூலை இழுத்தாள்.

நூல் வரவில்லை. விரலில் பிடித்துக்கொண்டது.

அவள் மெதுவாக விடுவித்து மறுபடி இழுத்தாள். மறுபடியும் பிடித்தது. பட்டு நூல் பஞ்சாகப் பிசிறியது. விரலை மாற்றினாள். துணியே விரலில் சொரசொரத்தது. அவித்த நெல்லை அள்ளி அள்ளி விரல் நுனிகள் வெடித்து, வெடிப்பின் விளிம்புகள் காய்ந்து முள்ளாய் நின்றன. சோறு அள்ளவோ மகளுக்குத் தலை பின்னவோ அவை ஒருநாளும் இடைஞ்சல் செய்ததில்லை. பட்டு நூலைத் தொடும்வரை அது அவளுக்கே தெரியாது.

“தேங்காயெண்ண பூசிக்கொண்டு தைக்கிறன் ராத்தா. துணிய வச்சிட்டுப் போங்க,” என்றாள்.

அடுத்த கிழமை அவளே கல்முனைக்குடிக்கு வந்தாள். ஒரு நெஞ்சுத் துண்டு முடிந்திருந்தது. மடிப்புகள் ஏறியும் இறங்கியும் நின்றன. நூல் முழுக்கப் பிசிறு. மஞ்சள் துணியில் எண்ணெய்க் கறை. மீதித் துணியை மடித்துக் கொண்டுவந்திருந்தாள்.

“இதுக்குக் கூலி வேணா ராத்தா. துணி பழுதாப் போச்சு.”

“துணி கிடக்கட்டும். வெடிப்பு ஆறிக் கை மெதுவாகும்கா. மில்லுக்குப் போகாம கொஞ்சக் காலம் இரு. அதுவரைக்கும் வீட்டுச் செலவ நான் பாக்கிறன்.”

சாரதா யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள் என்கிறார் றபீக்கா ராத்தா. பாயின் ஓரத்தை நகத்தால் கீறிக்கொண்டிருந்தாளாம்.

“மில்லுல என்ட இடத்துக்கு உடனே வேறாள் வந்திருவா,” என்றாள். “கை மெதுவாகி நான் தைக்கத் தொடங்க, அடுத்த பட்ஜெட்டுல திரும்பவும் குறைச்சாங்கெண்டா என்ன செய்ற ராத்தா?”

றபீக்கா மீதித் துணியை வாங்கி மெசின் மேல் வைத்தாள். இந்தக் கதையிலேயே இதைவிட நல்ல கேள்வி கிடையாது என்பதால் இந்த இடத்தில் வேறொன்றும் எழுதாமல் விடுகிறேன்.

9

வாசகர் முடிவைத் தேடத் தொடங்கும் நேரம் இது. என்னிடம் இருந்த முடிவுகள்:

சாரதாவின் கை மெதுவாகிறது. இருவரும் சேர்ந்து கல்முனையில் தையல் நிலையம் திறக்கிறார்கள். ரிபன் வெட்ட— (போதும்.)

அல்லது, றபீக்கா அந்த மஞ்சள் துண்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு— (அவர் அதை மெசின் துடைக்க எடுத்தார். கேட்டுத்தான் எழுதுகிறேன்.)

நடந்தது இவ்வளவுதான். றபீக்கா தனியாகத் தைத்தாள். சுருக்குத் தையல் இல்லாத மொட்டைச் சட்டைகள். சிப் இல்லை, லேஸ் இல்லை. அப்படியும் பழைய ரோஸ் சட்டையைவிட விலை கூட. அந்தப் பெருநாளைக்கு மீராமுகைதீன் வந்தார். மூத்தவள் கலியாணம் முடித்திருந்தாள், இளையவர்கள் இருவர். பொத்தான் சட்டையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“முந்தி இதவிட வடிவா, இதவிடக் குறைவா ஒரு சட்ட வித்தீங்களே,” என்றார்.

“அது இப்ப நாலு மடங்கு காக்கா,” என்றாள் றபீக்கா.

“அரசாங்கம் உங்களக் காப்பாத்துதாம் எண்டாங்க.”

அவர் குத்திக் கதைக்கவில்லை, அப்பாவியாகத்தான் சொன்னார். கடைசியில் சின்னவளுக்கு மட்டும் எடுத்தார். மற்றவளுக்கு அவர் என்ன சொல்லியிருப்பார் என்று றபீக்கா அந்தப் பெருநாள் முழுக்க யோசித்தாள்.

பிறகு எண்பத்தைந்து வந்தது, தமிழர் முஸ்லிம் கலவரத்தோடு. கல்முனைக்குடிக்கும் பாண்டிருப்புக்கும் இடையிலான வீதி ஒன்றுதான். நடந்தே வந்துபோன வீதி. அதில் ஆட்கள் ஒருவருடைய முகத்தை ஒருவர் பார்க்காமல் நடந்த காலம். சந்திகளில் துப்பாக்கிகள் நின்றன. அதைத் தீர்வையின் கணக்கில் எழுத முடியாது, எழுதவும் மாட்டேன். ஆனால் இருவரும் ஒரே பாயில் இருந்து தைத்துக்கொண்டிருந்தால், அந்த நாள்களில் யாராவது ஒருத்தி மற்றவளுக்கு ஆளனுப்பியிருப்பாள்.

10

மலருக்கான கட்டுரையை எப்படியோ எழுதிக் கொடுத்துவிட்டேன். இதை முடிக்க மட்டும் முடியவில்லை. என் பழக்கம், ஒன்றும் ஓடாவிட்டால் கணக்குப் போடுவது. அந்தக் காலத்துத் துணி விலை, நூல் விலை எல்லாம் ராத்தாவிடமே கேட்டுப் போட்டுப் பார்த்தேன். விடை வந்ததும் வேலிக் கடப்பால் ஓடினேன். அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன்.

“ராத்தா, நீங்க அண்டைக்கு ஓம் எண்டு சொல்லியிருந்தாலும் சரிவந்திராது. பாதிக் கூலி இல்ல, சாரதா சும்மா தைச்சுத் தந்திருந்தாலும் அந்த ரோஸ் சட்டையோட போட்டி போட ஏலா. துணி விலையே அதுக்கு மேல.”

மீன் கழுவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

“சும்மா தைச்சாலுமா?”

“ஓம்.”

“அப்ப எப்பிடியும் அவள் வேலைய விட்டு நிண்டிருப்பாள்.”

“நிண்டிருப்பா. உங்கள்ல பிழை இல்ல ராத்தா.”

அவர் தண்ணீரை ஊற்றி மீனை இன்னொருதரம் அலசினார்.

“பிழையா இல்லையா எண்டு நான் யோசிக்கல்ல டீச்சர்,” என்றார். “அவள் எனக்கு ஒண்டு தந்தாள். நான் வேணா எண்டு சொல்லிட்டன். கொஞ்ச நாளைக்கெண்டாலும் வந்துபோயிருப்பாள். ரெண்டு பேருமாச் சேர்ந்து நட்டப்பட்டிருப்பம்.”

ஆறுதலோடு போனவள் கணக்குத் தாளோடு திரும்பி வந்தேன்.

இந்தக் கிழமை வியாழக்கிழமை, ஒருவரிடமும் சொல்லாமல், றபீக்கா ராத்தா பஸ்ஸேறிப் பாண்டிருப்புக்குப் போனார். போனதை அவர் வந்த பிறகுதான் அறிந்தேன். கடப்படியில் கண்டதும் கேட்டேன். உண்மையைச் சொன்னால், கதை முடியப்போகிறது என்ற ஆசையில்தான் கேட்டேன்.

“இருந்தாவா?”

“இருந்தாள்.”

“என்ன செஞ்சா?”

“தேத்தண்ணி தந்தாள்.”

“என்ன கதைச்சீங்க ராத்தா?”

அவர் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். கோபமில்லை, களைத்திருந்தார், அவ்வளவுதான்.

“அது உங்கட கதைக்கில்ல டீச்சர்,” என்றார்.

கதவு சாத்தப்பட்டது. சாத்தியவரே கதையின் சொந்தக்காரர் என்பதால் தட்டுவது அழகல்ல. பாண்டிருப்பு வீட்டில் அந்தப் பின்னேரம் நடந்ததை இனி நீங்கள்தான் எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு வேண்டுகோள் மட்டும். றபீக்காவை அழ வைக்காதீர்கள். சாரதாவை உடனே மன்னிக்க வைக்காதீர்கள். இருவரையும் எதிரெதிரே உட்கார விடுங்கள். கோப்பையை எடுக்க சாரதா கை நீட்டும்போது, றபீக்கா அந்தக் கையைப் பார்ப்பாளா, பார்க்காதவள்போல் இருப்பாளா என்பதை மட்டும் அவசரமில்லாமல் யோசித்து எழுதுங்கள். எனக்குத் தெரியவில்லை.